கொரோனா ஊரடங்கில் விவரம் தெரிந்த பிள்ளைகள்கூட மறுபடி படுக்கையை நனைத்தது ஏன்?

செல்லம், அடம் என்று பலர் திட்டினார்கள். பெரும்பாலும் அது பயம். ஐந்தாறு வயதில் அதைச் சொல்லத் தெரியாது. மனதில் அழுத்தம் ஏறினால், அண்மையில் பழகியவைதான் முதலில் நழுவும். விட்டுப்போன விரல் சூப்பல் திரும்பும். கழிப்பறைக்குப் போனாலும் அம்மா வாசலில் நிற்கவேண்டும். அடிக்கடி வயிறு வலிக்கும். அந்த வலி நிஜம். பதற்றம் குடலின் அசைவையே மாற்றும்.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8ஆம் வகுப்புவரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போனது. பாடம் போனதைப் பேசினோம். காலையில் சண்டை போட்டு மத்தியானம் பழம் விடும் தோழமை போனதைப் போதுமான அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

இன்னொன்று, மறைத்துப் பேசுவது. தாத்தா ஆஸ்பத்திரியில் இருக்க, பெரியவர்கள் அடுக்களையில் கிசுகிசுத்தால் பிள்ளை தானே கதை கட்டிக்கொள்ளும்: "நான் மாஸ்க் போடாததாலதான் தாத்தாவுக்கு வந்துச்சு." எதற்கும் தானே காரணம் என்று நினைப்பது அந்த வயதின் இயல்பு. "தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல, டாக்டர் பார்க்கிறாங்க, உன்னால வரல" என்று சொல்லிவிடுங்கள். நனைந்த பாயை முகம் சுளிக்காமல் மாற்றுங்கள். தூங்கும் நேரம் மாறவேண்டாம்.

சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று ஒருமுறை மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, சாவைப் பற்றியே பேசினாலோ மனநல ஆலோசனைக்குத் தயங்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, கட்டணமில்லை.