காற்று அடிக்கிறவரை எங்கே விட்டுவிட்டுப் போகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 47 வயது. பாரிஸுக்குப் பக்கத்தில் பொபினியில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறேன். சாவகச்சேரியிலிருந்து கூப்பிட்ட 71 வயது அப்பாவும் எங்களுடன்தான். உணவகக் குசினியில் வேலை. இரண்டு வருடமாக ரேஸ் சைக்கிள் ஓடுகிறேன். இந்த ஓகஸ்ட் லீவில் ஒரு கிழமை தனியாக லுவார் ஆற்றுப் பக்கம், வாகனம் குறைந்த கிராமத்து வீதிகளில், நாளுக்கு 140 கிலோமீற்றர் ஓட ஆசை. மனைவி மறிக்கிறார். "அப்பாவை ஆர் பார்க்கிறது?" என்பதே அவருடைய பல்லவி. ஒரு மனிதனுக்குத் தனக்கென்று ஒரு கிழமை கூடாதா? எந்த வழி நல்லது? இன்னொன்று. ஞாயிறு விடிய நான் எழும்ப முன்னமே அப்பா என் ரயருக்குக் காற்று அடித்து வைத்துவிடுகிறார். அளவு தெரியாமல் கல்லுப்போல அடிக்கிறார். கிராமத்து வீதிக்கு எவ்வளவு காற்று வேணும்?

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒருவர் மீன்பிடி என்று எழுதுவார், இன்னொருவர் கிரிக்கெட் கழகம் என்று எழுதுவார். "தனக்கென்று ஒரு கிழமை கூடாதா" என்ற வரி மட்டும் எல்லாருக்கும் பொது. தாராளமாகப் போங்கள் என்று நான் எழுதுவேன், அந்தப் பக்கத்தைக் கிழித்து மனைவிக்குக் காட்டலாம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த வேலைக்கு நான் ஆளில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு முறைப்பாடு வைத்தீர்களே, அதற்கு வருகிறேன். சனி இரவு குசினி கழுவிவிட்டு நீங்கள் நடுச்சாமத்தில் வந்து படுக்கிறீர்கள். விடிய ஒரு கிழவர் எழும்பி, சுவரில் சாத்திய சைக்கிளைத் திருப்பி, பம்பைக் காலால் மிதித்துக்கொண்டு காற்று அடிக்கிறார். உங்கள் சைக்கிளின் வால்வு ஊர்ச் சைக்கிளின் வால்வு இல்லை. மெல்லிசான ஊசிபோல இருக்கும். நுனியிலுள்ள சின்னச் சுரையைக் கழற்றி, ஒருதரம் அமத்திப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பம்பின் வாயைக் கொழுவவேணும். முதன்முதலாகப் பார்க்கிறவர் அதை வளைத்து முறித்துவிடுவார். அப்பாவுக்கு இதை ஆர் சொல்லிக்கொடுத்தது? நீங்கள் என்றால் அளவையும் சொல்லியிருப்பீர்கள். ஆகவே நீங்கள் காற்று அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தே பழகியிருக்கிறார். அவர் நின்றது உங்கள் கண்ணில் படவில்லை. ரயர் கல்லானது மட்டும் பட்டிருக்கிறது.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்கு என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நோயாளி, நெல்மூட்டை, விறகு எல்லாம் போனது சைக்கிளில்தான். அப்போது உங்கள் அப்பாவுக்கு நாற்பது வயது இருக்கும். அந்த வயதுக்காரர் அந்த மண்ணில் எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் மிதித்திருப்பார் என்று கணக்குப் போடுங்கள். ரயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, பள்ளம் விழாவிட்டால் சரி என்பது அவர் கற்ற அளவு. அவரைக் கூப்பிட்டு ஒரு மாடி வீட்டுக்குள் வைத்து, சோறும் குளிசையும் நேரத்துக்குக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் அவர் கைக்குப் பழகிய சாமான் ஒன்றே ஒன்று. அது உங்களுடையது. "நானும் வரட்டோ?" என்று கேட்க வாய் வராத மனுசன் காற்று அடித்து வைக்கிறார். விளங்குகிறதா?

அளவு கேட்டீர்கள், சொல்கிறேன். 28 மில்லிமீற்றர் ரயர், 75 கிலோ ஆள் என்றால் காற்றழுத்தம் ஏறக்குறைய 5 பார் போதும். பம்பில் ஒரு முள் இருக்கிறது. அதை எங்கே நிறுத்துவது என்று அப்பாவுக்குக் காட்ட அரை நிமிடம் செல்லாது. இரண்டு வருடமாகக் காட்டவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுத மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது.

மனைவியின் கேள்வியைப் பல்லவி என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. பதில் கிடைக்காத கேள்வியை ஒருவர் திரும்பத் திரும்பத்தான் கேட்பார். பெற்ற தகப்பனைப் பார்ப்பது மகனின் வேலை. மருமகள் கைகொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. இதைப் பழைய காலத்துக் கதை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

நீங்கள் இருக்கும் நாட்டின் கதையையும் கேளுங்கள். பிரான்சில் சம்பளத்தோடு இரண்டு கிழமை லீவு சட்டமானது 1936இல். அந்தக் கோடையில் தொழிலாளர்கள் சைக்கிளிலும், இருவர் சேர்ந்து மிதிக்கும் டான்டத்திலும் நகரத்தைவிட்டு வெளிக்கிட்டார்கள். புருசனும் பெண்சாதியுமாக மிதித்துப் போன படங்கள் இன்றும் அந்த வருடத்தின் அடையாளம். அதற்கும் முன்னே, சென்-எத்தியென் நகரில் வேலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய போல் த விவி (1853–1930) சைக்கிள் பயணிகளுக்குச் சில கட்டளைகள் வைத்தார். பசிக்க முன் சாப்பிடு, தாகம் எடுக்க முன் குடி என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை. வீம்புக்கு மிதிக்காதே என்பதும் அவற்றில் ஒன்று. நாளுக்கு 140 கிலோமீற்றர் ஆருக்குக் காட்ட, தம்பி?

இனி வழி. லுவாருக்கு முன்னம் உங்கள் ஊர் வாய்க்காலுக்குப் போங்கள். பாரிஸுக்குக் குடிநீர் கொண்டுவர நெப்போலியன் 1802இல் கட்டளையிட்ட, "ஊர்க்" (Ourcq) என்று பெயருள்ள கால்வாய் பொபினிக்குள்ளாலேயே ஓடுகிறது. அதன் கரைப் பாதை பொந்தி, செவ்ரான் தாண்டி கிளே-சுய்யி வரை போகும். கார் இல்லை, ஏற்றம் இல்லை. செவ்ரானில் பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடம் இப்போது பெரிய மரச்சோலை. அப்பாவுக்கு முதல் நாளுக்கு அந்தத் தூரமே கூட. அவருக்குக் குறுக்குச் சட்டத்தைத் தாண்டி ஏறத் தேவையில்லாத, கால் எளிதாக வைக்கக்கூடிய பாவித்த சைக்கிள் ஒன்று வாங்குங்கள். அதற்கு முன் வைத்தியரிடம் ஒருதரம் காட்டுங்கள். உங்கள் சைக்கிளை வாங்க ஆரிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டீர்கள், இதற்கும் கேட்கத் தேவையில்லை.

ஓகஸ்டில் ஐந்து பேருமாக லுவார் கரையிலுள்ள புளுவா நகரில் தங்குங்கள். பாரிஸ் ஒஸ்தெர்லிட்சில் ரெயின் ஏறினால் நேரே இறங்கலாம். சைக்கிளுக்கும் இடம் உண்டா என்று சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள், கோடையில் நிரம்பிவிடும். லுவார் சைக்கிள் பாதை ஏறக்குறைய 900 கிலோமீற்றர், நெவேர் பக்கத்திலிருந்து அத்திலாந்திக் கடல்வரை. முழுவதையும் ஒரு கிழமையில் முடிக்க வெளிக்கிட்டு, ஆற்றையே பாராமல் திரும்பியவர்கள் உண்டு. "அக்கே வேலோ" என்று பலகை மாட்டிய விடுதி என்றால் பாதையிலிருந்து 5 கிலோமீற்றருக்குள் இருக்கும், சைக்கிள் பூட்டி வைக்க இடமும் இருக்கும். அப்பாவுக்கு அங்கே பற்றரி சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். 25 கிலோமீற்றர் வேகத்தில் மோட்டார் தானாக நின்றுவிடும், பயமில்லை. புளுவாவிலிருந்து ஷாம்போர் மாளிகைக்கு ஒரு காலைப்பொழுதில் போய்விடலாம். 1519இல் கட்டத் தொடங்கியது. அதன் காட்டைச் சுற்றிய மதில் மட்டும் 32 கிலோமீற்றர்.

உங்களுக்கும் ஓட்டம் வேணும்தான். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். மிஷ்லன் தாள் வரைபடம் ஒன்று வாங்குங்கள், தொலைபேசிக்கு இந்த அறிவு குறைவு. அதில் சிவப்பு பெருவீதி, மஞ்சள் இரண்டாம் தரம், வெள்ளை சின்ன வீதி. உங்கள் உலகம் வெள்ளைக் கோடுகள்தான். ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள், அதாவது உள்ளூராட்சிப் பிரிவுகள், உள்ள நாடு இது. ஒவ்வொன்றும் தன் தேவாலயத்திலிருந்து தன் பண்ணைகளுக்கு வீதி போட்டு வைத்திருக்கிறது. அந்த வீதிகளில் மணிக்கு ஒரு உழவு இயந்திரம் வந்தால் அதிசயம். கோட்டின் ஓரம் பச்சை இருந்தால் வடிவான இடம், அம்புக்குறி இருந்தால் ஏற்றம். ஞாயிறு இன்னும் நல்லது. சனி இரவு 10 மணி தொடக்கம் ஞாயிறு இரவு 10 மணி வரை ஏழரைத் தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்குப் பொதுவாகத் தடை. கிராமத்துக்குள் வேறு அடையாளம் இல்லாவிட்டால் வலப்பக்கத்துச் சந்தில் வரும் காருக்கு வழி விடவேணும். வெறிச்சோடிய ஊர் என்று நம்பிப் பாயாதீர்கள். கோடையில் தார் ஊற்றிச் சல்லி தூவிய வீதிகளும் வரும், அங்கே வேகத்தைக் குறையுங்கள். பாண் கடைகள் பல மத்தியானம் பூட்டிவிடும், ஆகவே கையில் ஏதும் வைத்திருங்கள். தண்ணீர் முடிந்தால் சவக்காலையைத் தேடுங்கள். பிரெஞ்சுக் கிராமத்துச் சவக்காலைகளில் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்பா முதலில் மாட்டேன் என்பார். "எனக்கென்னத்துக்கு இந்த வயதில" என்பார். நீங்களும் கேட்டுவிட்டேன், வரமாட்டாராம் என்று மனைவியிடம் வந்து சொல்லத் தயாராக நிற்பீர்கள். சைக்கிளை வாங்கிக் கொண்டுவந்து, இருக்கையை அவர் உயரத்துக்குச் சரி செய்ய என்று அவரை ஏறி நிற்கச் சொல்லுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். வாய்க்கால் கரைக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஞாயிறு காலை வீடு உங்கள் மனைவிக்குத் தனியாகக் கிடைக்கும். அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று அவருக்கு யோசனை சொல்லப் போகாதீர்கள்.