படுக்கையை நனைப்பது குற்றத்தின் அறிகுறியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா மகனுக்கு எட்டு வயது. இன்னமும் இரவில் படுக்கையை நனைக்கிறான். போன வாரம் தெருநாய்க்குட்டியைக் கல்லால் அடித்திருக்கிறான். படுக்கையை நனைப்பது, தீ வைப்பது, விலங்குகளை வதைப்பது மூன்றும் கொலைகாரனின் சிறுவயது அடையாளங்கள் என்கிறது ஒரு காணொளி. அக்காவிடம் சொல்லட்டுமா?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் காணொளியை அக்காவுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

1963இல் மனநல மருத்துவர் மெக்டொனால்ட், அமெரிக்காவின் டென்வரில் 'கொன்றுவிடுவேன்' என்று மிரட்டிய 100 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்த மூன்றும் சேர்ந்து வருகின்றன. பிறகு அவரே சோதித்துப் பார்த்தபோது உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் 1966இல் 84 கைதிகளை ஆராய்ந்த வேறு இருவர் தொடர்பு உண்டு என்றார்கள். அதுதான் பரவியது. சிறைக்குள் இருப்பவரின் பால்யத்தைத் தோண்டினால் ஏதாவது அகப்படும். அதே பழக்கத்தோடு வளர்ந்து, இன்று கடை வைத்துப் பிழைப்பவரை யாரும் போய்க் கேட்பதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மனநலச் சிகிச்சைக்கு வந்த 524 சிறுவர் சிறுமியரைப் பெரியவர்களான பிறகு தேடிப் பார்த்த ஆய்வாளர் லீ ராபின்ஸ், அதே ஆண்டு அதை நூலாக வெளியிட்டார். சமூகவிரோதப் போக்குள்ள பெரியவர்கள் அநேகமாக எல்லோரும் சிறுவயதிலும் அப்படித்தான் இருந்தார்கள். அப்படி இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோரோ அப்படி ஆகவில்லை.

படுக்கை விஷயத்தைத் தனியே பிரித்துவிடுங்கள். ஐந்து வயதில் ஏறத்தாழ 15 சதவீதப் பிள்ளைகளுக்கு இது உண்டு; அவர்களில் ஆண்டுக்கு 15 சதவீதம் பேருக்குத் தானாகவே நின்றுவிடும். அப்பா அம்மா இருவருக்கும் சிறுவயதில் இருந்திருந்தால் நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு வரும். (பாட்டியைக் கேளுங்கள், உண்மை வெளிவரும்.) முதலில் மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் இரண்டு மூன்று மாதத்தில் பலருக்குப் பலன் தரும். தொடர்ந்து 14 இரவு நனையாமல் இருக்கும்வரை அலாரத்தை நிறுத்தக்கூடாது. அடித்தால், வெட்கப்படுத்தினால் மோசமாகும். ஆறு மாதம் நின்றிருந்து மீண்டும் தொடங்கியிருந்தால் சர்க்கரை, சிறுநீர்த் தொற்று இரண்டுக்கும் பரிசோதியுங்கள். யாராவது அவனை மிரட்டுகிறார்களா, தொடுகிறார்களா என்பதையும் பதற்றப்படாமல் விசாரியுங்கள்.

நாய்க்குட்டிதான் கேட்க வேண்டிய விஷயம். கூட்டத்தோடு எறிந்தானா, தனியாகவா? அது அலறியதும் நிறுத்தினானா? மறைத்தானா? இது எத்தனையாவது முறை? வீட்டில் யார் யாரை அடிக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை அக்காவிடம் தனியாகக் கேளுங்கள். ஒருமுறை நடந்தது என்றால் கண்டிப்பும் கவனிப்பும் போதும். திரும்பத் திரும்ப, தனியாக, ஒளித்துச் செய்கிறான், கூடவே திருட்டு, தீ, பிள்ளைகளை அடிப்பது என்று ஓராண்டாகத் தொடர்கிறது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் பேசலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள். மருத்துவமனையில், பிள்ளையைக் கையாளும் பயிற்சி பெரும்பாலும் பெற்றோருக்குத்தான் இருக்கும். அக்கா கணவரும் கூடப் போக வேண்டும்.