கொழும்பு புறக்கோட்டையில் இருக்கும் பழைய நகர மண்டபத்தைப் புதுப்பித்து மறுபடியும் மாநகர சபையை அங்கே நடத்த முடியுமா?

முடியும். ஆனால் முதல் வேலை பெயின்ட் அடிப்பது இல்லை, ஈரத்தை விரட்டுவது. 1873இல் எழுந்த மண்டபம் அது. 1928இல்தான் சபை இன்றைய வெள்ளைக் கட்டடத்துக்கு மாறியது. அந்தக் காலத்துச் செங்கல் சுவர்கள் பொதுவாகச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. உள்ளே போன ஈரம் அந்தச் சாந்து வழியாகவே காய்ந்துவிடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல்லே உதிரும். கொழும்பின் கடற்காற்றில் இன்னும் மோசம். அதனால் சீமெந்துப் பூச்சு இருந்தால் உரித்து, சுண்ணாம்பே பூச வேண்டும்.

லிஃப்ட், கழிவறை எல்லாம் பின்னால் தனிக் கட்டடத்தில் வரட்டும். சபைக் கூட்டம் மட்டும் பழைய மண்டபத்தில் நடக்கலாம். வீடு, நிலத்துக்குச் சபை வாங்கும் சோலைவரியைக் கட்டும் கவுண்டரை அங்கே கொண்டுபோகவே கூடாது, பிரதான வீதி நெரிசல் தாங்காது.