வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட் செடியின் இலைகள் துவண்டு மஞ்சளாகின்றன, தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை. காப்பாற்ற முடியுமா?

முடியும். ஆனால் இன்றைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் தொட்டியிலிருந்து செடியை எடுத்து வேரைப் பாருங்கள்.

எங்களுக்குத் தேவகோட்டை. ஊதாப் பூவோடு ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் ஒன்று வாங்கி வந்தேன். பூ கொட்டியதும் இலை துவள ஆரம்பித்தது. சித்திரை வெயில், தாகமாக இருக்கும் என்று தினமும் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இன்னும் துவண்டது. ஒருநாள் வெளியே எடுத்துப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பு. விரலால் பிடித்ததும் தோல் வழுக்கி உருவிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம். வேர் அழுகிவிட்டால் செடியால் தண்ணீர் குடிக்க முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே காய்கிறது, பாவம்.

இது காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் செடி. வேருக்குக் காற்று வேண்டும். கத்தரியைத் தீயில் காட்டி, அழுகியதை எல்லாம் வெட்டினேன். வெட்டிய இடத்தில் மட்டும் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தொட்டு வைத்து, அரை நாள் நிழலில் ஆறவிட்டேன். அப்புறம் பக்கவாட்டில் ஓட்டை உள்ள மண்தொட்டியில் அடுப்புக்கரி, ஓட்டுச் சில்லு, நன்றாக ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு. மண் ஒரு பிடிகூடப் போடவில்லை.

நல்ல வேர் காய்ந்திருந்தால் வெள்ளிச் சாம்பல் நிறம், நனைந்தால் பச்சை. சாம்பலானால் மட்டும் காலையில் ஊற்றுங்கள். இலைக் கவட்டில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குருத்தே அழுகிவிடும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதனால் வீட்டு நடுமுற்றமான வளவின் கூரையில் வழியும் மழைத்தண்ணீரை அப்பத்தா காலத்துப் பித்தளை அண்டாவில் பிடித்து, பிளாஸ்டிக் குடத்துக்கு மாற்றி மூடி வைக்கிறேன்.

செடி இப்போது வளவுத் தூணோரம் இருக்கிறது. வெளிச்சம் உண்டு, உச்சி வெயில் படாது. கோடையில் பக்கத்தில் அகலத் தட்டில் தண்ணீர் வைப்பேன், காற்று கொஞ்சம் ஈரமாக இருக்கும்.

பொறுமைதான் ரொம்ப வேண்டும். இரண்டு மாதம் ஒரு அசைவும் இல்லை. பிறகு ஒருநாள் கரித்துண்டுக்கு நடுவே அரிசி அளவில் பளிச்சென்று பச்சை வேர்நுனி! அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பூக்க, சில வாரம் இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். எங்களுக்கு அது மார்கழியில்தான் கிடைத்தது, பூந்தண்டும் அப்போதுதான் வந்தது.

இன்னொன்று வாங்குவதாக இருந்தால் டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் வாங்குங்கள், நம் ஊர்ச் சூட்டை நன்றாகத் தாங்கும். இருக்கும் செடியில் கெட்டியான வேர் இரண்டு மூன்று மிஞ்சியிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.