பாலிப் ரிப்போர்ட்டில் 'டிஸ்பிளேசியா' என்று வந்தால் புற்றுநோயா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. மலத்தில் ரத்தம் போனதால் கொலனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். பெருங்குடலின் கீழ்ப்பகுதியான சிக்மாய்டில் 8 மி.மீ. பாலிப் (உள்சுவரில் வளரும் சதை) ஒன்று இருந்தது. அப்போதே முழுதாக எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'டியூபுலர் அடினோமா, லோ கிரேட் டிஸ்பிளேசியா' என்று இருக்கிறது. இது புற்றுநோயா? குடலை வெட்ட வேண்டி வருமா?

பதில்: புற்றுநோய் இல்லை. குடலை வெட்டவும் வேண்டாம். அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

டிஸ்பிளேசியா என்றால் செல்கள் ஒழுங்கு மாறி வளர்கின்றன என்று பொருள். 'லோ கிரேட்' என்றால் அந்த மாற்றம் குறைவு, 'ஹை கிரேட்' என்றால் அதிகம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உட்கருக்கள் நீண்டு, கறுத்து, நெருக்கியடித்து நிற்கும். அடினோமா என்பது குடலின் சுரப்பிச் செல்களில் வளரும், புற்றுநோய் ஆகாத கட்டி; 'டியூபுலர்' என்பது அதன் குழாய் போன்ற அமைப்பு. அடினோமா எல்லாவற்றிலும் டிஸ்பிளேசியா இருக்கும். இல்லாவிட்டால் அதை அடினோமா என்றே எழுத மாட்டோம். பெருங்குடலின் உள்சவ்வுக்கு அடியில் மெல்லிய தசை அடுக்கு ஒன்று உண்டு. செல்கள் அதைத் துளைத்துக் கீழே இறங்கினால்தான் புற்றுநோய். அதற்கு மேலேயே இருக்கும்வரை வேறு உறுப்புக்குப் பரவ வழியில்லை.

அதற்காக, எடுத்தது வீண் வேலை என்று நினைக்காதீர்கள். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை அடினோமாவாகத்தான் தொடங்குகின்றன. முதலில் ஏபிசி (APC) மரபணு பழுதாகிறது, பிறகு கேராஸ் (KRAS), டிபி53 (TP53) மரபணுக்கள் என்று சேதம் கூடிக்கொண்டே போகிறது. பொதுவாக இதற்குப் பத்து ஆண்டுக்கு மேல் பிடிக்கும். அந்த வழியை உங்கள் மருத்துவர் தொடக்கத்திலேயே அடைத்துவிட்டார். பாலிப்பை எடுத்தால் புற்றுநோய் குறைகிறது என்பதை அமெரிக்காவின் தேசிய பாலிப் ஆய்வு 1993-லேயே காட்டிவிட்டது.

அடுத்த கொலனோஸ்கோபி எப்போது? இதை பயாப்ஸி ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கொலனோஸ்கோபி ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனார்களா, பேதி மருந்தில் குடல் நன்றாகச் சுத்தமாகியிருந்ததா என்று அதில் இருக்கும். பலரும் இதைக் கேட்பதே இல்லை. குடல் சரியாகச் சுத்தமாகாவிட்டால், வலதுபக்கம் தட்டையாகப் படிந்திருக்கும் செரேட்டட் (ரம்பப்பல் போன்ற அமைப்புள்ள) வகைப் பாலிப்கள் கண்ணில் படாமல் போகும். அப்படியானால் ஒரு வருடத்துக்குள் திரும்பப் பார்ப்பதே நல்லது.

எல்லாம் சரியாக இருந்தால், 10 மி.மீ.க்குக் குறைவான ஒன்றிரண்டு டியூபுலர் அடினோமாவுக்கு 7 முதல் 10 ஆண்டு கழித்துப் பார்த்தால் போதும் என்கிறது 2020-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். அளவு 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், வில்லஸ் (விரல் போல் நீண்ட) அமைப்பு, ஹை கிரேட் டிஸ்பிளேசியா, இவற்றில் ஒன்று இருந்தாலும் 3 ஆண்டு. உங்கள் மருத்துவர் இன்னும் சீக்கிரம் வரச் சொன்னால், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. இவ்வளவு சிறிய பாலிப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் வருவது அபூர்வம். மூலமோ ஆசனவாய் வெடிப்போ காரணமாக இருக்கலாம். அதைத் தனியாகக் காட்டுங்கள். ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ, ஹீமோகுளோபின் இறங்கினாலோ, ஏழு வருடம் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.