ஹாலிஃபாக்ஸில் இரண்டு இரவு: ரத்து செய்ய முடியாத அறையும் மலிவான ரயில் டிக்கெட்டும்

கேள்வி: லண்டனில் வசிக்கும் நானும் என் கணவரும், எங்கள் திருமண நாளையொட்டி யார்க்‌ஷயரில் உள்ள ஹாலிஃபாக்ஸில் இரண்டு இரவு தங்குவதற்காக ஓர் இணைய முன்பதிவுத் தளத்தில் 168 பவுண்டுக்கு அறை எடுத்தோம். 26 பவுண்டு குறைகிறதே என்று, பணம் திரும்பக் கிடைக்காத கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தோம். மூன்றாம் நாளே கணவரின் வேலை ஷிப்ட் மாறிவிட்டது. இணையத்தில் வாங்கிய எதையும் 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பித் தளத்துக்கு எழுதினோம், மறுத்துவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டிய பணம் என்பதால் வங்கியிடம் கேட்கலாமா? பயணத்துக்கு இன்னும் ஐந்து வாரங்கள் உள்ளன.

பதில்: நண்பர் சொன்னது பாதிதான் சரி. இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களுக்கு 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் 14 நாள் அவகாசம் தருகின்றன என்பது உண்மையே. ஆனால் குறிப்பிட்ட தேதிக்கென்று எடுக்கும் தங்குமிடம், வாடகைக் கார், உணவு ஏற்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றை அதே விதிகள் விலக்கியும் வைத்திருக்கின்றன. திரும்பி வந்த சட்டையைக் கடைக்காரர் நாளை வேறொருவருக்கு விற்கலாம். காலியாகக் கழிந்த இரவை எந்த விடுதிக்காரரும் விற்க முடியாது.

கிரெடிட் கார்டு வழியும் உங்களுக்குத் திறக்காது. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றை விற்றவர் ஒப்பந்தத்தை மீறினாலோ உண்மையல்லாததைச் சொல்லி விற்றிருந்தாலோ, கார்டு நிறுவனத்தையும் அவரோடு சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. குளியல் தொட்டியுடன் கூடிய அறை என்று காட்டிவிட்டு அது இல்லாத அறையைத் தந்திருந்தால் அந்தப் பிரிவு உதவும். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி விலைக் குறைப்பும் கேட்கலாம். உங்கள் விஷயத்தில் யாரும் எதையும் மீறவில்லை, உங்கள் வசதிதான் மாறியிருக்கிறது. மேலும், பணத்தை விடுதி வாங்காமல் இடைத்தளம் வாங்கியிருந்தால், மீறல் நேர்ந்த இடத்தில்கூட அந்தப் பிரிவு பொருந்துமா என்று வங்கி தகராறு செய்ய இடமுண்டு. அடுத்த முறை விடுதியிடமே நேரடியாகப் பதிவு செய்யுங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்பதைவிட, விடுதியைத் தொலைபேசியில் அழைத்துத் தேதியை மாற்றித் தரச் சொல்வதே பலன் தரக்கூடிய வழி. ஐந்து வாரத்தில் அந்த அறையை மீண்டும் விற்க விடுதிக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதிலும் ஹாலிஃபாக்ஸின் பழைய துணிச் சந்தையான பீஸ் ஹாலில் கோடைக் கச்சேரி நடக்கும் வாரக்கடைசி என்றால் ஊரில் அறைக்குத் தட்டுப்பாடுதான். ஒப்புக்கொண்டால் புதிய தேதியை மின்னஞ்சலில் உறுதி செய்யச் சொல்லுங்கள். தளத்தின் வழியாகப் பதிந்ததால் தளத்திலும் அந்த மாற்றம் ஏறியிருக்க வேண்டும். விடுதி மறுத்துவிட்டு, பிறகு அதே அறையை வேறொருவருக்கு விற்று உங்கள் முழுப் பணத்தையும் வைத்துக்கொண்டால், அந்த நிபந்தனை நியாயமற்றது என்று 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வாதிடலாம். ஆனால் 26 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தால் ரத்து செய்யலாம் என்ற வாய்ப்பு அதே திரையில் இருந்தது என்பதால் உங்கள் வாதம் பலமானதன்று. 168 பவுண்டுக்காக நான் நீதிமன்றம் வரை போக மாட்டேன்.

அந்த 26 பவுண்டைக் காப்பீட்டுக் கட்டணமாக நினைத்துப் பாருங்கள். 168 பவுண்டை இழக்காமல் இருக்க 26 பவுண்டு கொடுப்பது, ஆறு பயணங்களில் ஒன்றையாவது கைவிட நேர்பவருக்கு லாபம். ஷிப்ட் முறையில் வேலை செய்பவர் வீட்டில் அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பயணக் காப்பீடு இருந்தால் பாலிசியைப் படித்துப் பாருங்கள். ஆனால் வேலை நேரம் மாறியதைப் பொதுவாக அவை காரணமாக ஏற்பதில்லை.

கேள்வி: ரயில் டிக்கெட்டை இன்னும் வாங்கவில்லை. இருவருக்கான ரயில்கார்டு வாங்கினால் லாபமா?

பதில்: முதலில் அறையின் தேதி முடிவாகட்டும். நீங்கள் கேட்கும் சலுகை அட்டையான டூ டுகெதர் ரயில்கார்டின் விலை 2025 மார்ச்சில் 30 பவுண்டிலிருந்து 35 பவுண்டாக உயர்ந்தது. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆகவே கார்டில்லாத விலையில் இருவரின் டிக்கெட்டும் சேர்ந்து 105 பவுண்டைத் தாண்டினால் ஒரே பயணத்தில் போட்ட பணம் வந்துவிடும். கார்டில் பெயருள்ள இருவரும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30க்கு முன் செல்லாது. வெள்ளிக்கிழமை அதிகாலை ரயிலைப் பிடித்து முழு நாளையும் அங்கே கழிக்கலாம் என்று திட்டமிடுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

கிங்ஸ் கிராஸிலிருந்து ஹாலிஃபாக்ஸுக்குக் கிராண்ட் சென்ட்ரல் நிறுவனத்தின் நேரடி ரயில்கள் உண்டு. லீட்ஸில் மாறியும் போகலாம். அட்வான்ஸ் டிக்கெட் மலிவானது, ஆனால் அது அந்த நிறுவனத்தின் அந்தக் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே. நீங்களாகப் பயணத்தைக் கைவிட்டால் பணம் வராது; புறப்படுவதற்கு முன் கட்டணம் செலுத்தித் தேதியை மாற்றிக்கொள்ளலாம். ரயில் ரத்தாகியோ தாமதமாகியோ அதனால் நீங்கள் பயணத்தையே விட்டுவிட்டால், அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் முழுப் பணம் திரும்பக் கிடைக்கும். போய்ச் சேர்ந்தது தாமதம் என்றால் அந்நிறுவனத்தின் இழப்பீட்டுத் திட்டத்தின்படி 28 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். ஷிப்ட் மீண்டும் மாறக்கூடும் என்றால், விலை கூடினாலும், ஒரே ரயிலோடு கட்டிப்போடாத, நெரிசலற்ற நேரத்துக்கான ஆஃப்-பீக் டிக்கெட்டே பாதுகாப்பு.

கேள்வி: இருவருக்கான குறும்பயண வவுச்சர் ஒன்று 249 பவுண்டுக்கு விற்கிறது: இரண்டு இரவு, காலை உணவு, ஒரு வேளை இரவு உணவு. அதையே வாங்கியிருக்கலாமோ?

பதில்: வேண்டாம் என்பேன். வவுச்சருக்குக் காலாவதித் தேதி உண்டு, அதை ஏற்கும் இரவுகளை விடுதிதான் முடிவு செய்யும். அதே இரவுகளுக்கு விடுதி நேரடியாகச் சொல்லும் விலையோடு காலை உணவு, இரவு உணவு ஆகியவற்றின் விலையைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கட்டாயக் கட்டணங்கள் எல்லாவற்றையும் தொடக்க விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது 2025 ஏப்ரல் முதல் சட்டம் என்பதால், இந்த ஒப்பீடு முன்பைவிட எளிது.

தவிரவும், ஹாலிஃபாக்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் பார்க்க வேண்டியவற்றில் பலவும் இலவசம். 1779இல் திறக்கப்பட்ட பீஸ் ஹாலில் 315 அறைகள். சுற்றுவட்டாரக் கைத்தறி நெசவாளர்கள் தாங்கள் நெய்த துணியை, அதாவது பீஸை, அங்கே கொண்டுவந்து விற்றார்கள். மணி அடித்தால் வியாபாரம் தொடங்கும், மறுபடி அடித்தால் முடியும். ரத்து நிபந்தனைகளைப் படித்துச் சலித்த உங்களுக்கு அந்த ஒழுங்கு பிடிக்கக்கூடும். அங்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் கச்சேரி நாட்களில் முற்றத்துக்குள் போகக் கட்டுப்பாடு இருக்கும். மறுநாள் பிராட்ஃபோர்டு அருகேயுள்ள சால்டெயர் போங்கள். துணி ஆலை அதிபர் டைட்டஸ் சால்ட் 1853இல் திறந்த ஆலையும் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊரும் அங்கே அப்படியே நிற்கின்றன. 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் அது. 1986இல் நெசவு நின்றுபோன அந்த ஆலையில் இன்று டேவிட் ஹாக்னியின் ஓவியங்களைக் காசில்லாமல் பார்க்கலாம்; திறந்திருக்கும் கிழமைகளை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஹாலிஃபாக்ஸிலிருந்து போகும்போது பிராட்ஃபோர்டில் இன்டர்சேஞ்ச் நிலையத்தில் இறங்கி, ஃபோர்ஸ்டர் ஸ்கொயர் என்ற மற்றொரு நிலையத்துக்கு நடந்துபோய் அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டும். இடையில் இருபது நிமிடமாவது விட்டு ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.