‘ஒண்ணும் செய்யாது’ என்பவர்களும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களும்

செங்கோட்டையில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். இங்கிருந்து புளியரை தாண்டி மலை ஏறினால் ஆரியங்காவு, அங்கே கேரளம் தொடங்கிவிடும். 1956 வரை செங்கோட்டையும் அந்தப் பக்கத்தோடு சேர்ந்திருந்த ஊர்தான், அதனால் கல்யாணம், வேலை, வைத்தியம் எல்லாமே மலைக்கு இரண்டு பக்கமும் கலந்துதான் நடக்கும். எனக்கு வரும் கேள்விகளும் அப்படித்தான். இந்தச் சாரல் சீசனில் வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: பொது இடத்தில் நாய் வளர்ப்பவருக்கும் சின்னப் பிள்ளை வைத்திருப்பவருக்கும் தகராறு. நாய்கள் என்றால் எனக்கு உயிர். ஆனாலும் கயிறு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் முதல் பொறுப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

“ஐந்தருவியில் வண்டி நிறுத்தும் இடத்தில், கயிறு கட்டாத ஒரு லேப்ரடார் என் 4 வயது மகளைப் பார்த்துப் பாய்ந்து வந்தது. அவள் அலறிக்கொண்டு ஓடினாள், அது துரத்தியது. ஓங்கி ஒரு மிதி விட்டேன். நாய்க்காரர், ‘அது ஒண்ணும் செய்யாது சார், விளையாடத்தானே வருது’ என்று சண்டைக்கு வந்துவிட்டார். என் மேல் தப்பா டாக்டர்?” (தென்காசியிலிருந்து ஒரு அப்பா)

இல்லை. நாய் விளையாடத்தான் வந்திருக்கும், அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 30 கிலோ நாய் வாயைத் திறந்துகொண்டு முகத்துக்கு நேராக வரும்போது 15 கிலோ பிள்ளைக்கு அது விளையாட்டா கடியா என்று எப்படித் தெரியும்? மேலே விழுந்து தள்ளி மண்டை உடைந்தால் அதுவும் காயம்தானே. ‘ஒண்ணும் செய்யாது’ என்று நாம் சொல்வதெல்லாம் வீட்டுத் திண்ணையில், தெரிந்த நாலு பேரிடம் அது நடந்துகொள்வதை வைத்துச் சொல்வது. அருவி இரைச்சல், கூட்டம், குரங்கு, பஜ்ஜி வாசனை, ஈரத் துண்டை உதறிக்கொண்டு ஓடும் பிள்ளைகள் என்று இருக்கிற இடத்தில் அதே நாய் என்ன செய்யும் என்று வளர்த்தவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வராமல் இருக்கப் போதிய முன்னெச்சரிக்கை எடுக்காதவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாடு, கேரளம் இரண்டுக்கும் ஒரே சட்டம்தான்.

ஆனால் அந்த மிதி வேண்டாம். மிதி வாங்கினால் விளையாட வந்த நாயும் திரும்பிக் கவ்வும், அப்போது பக்கத்தில் இருப்பது உங்கள் மகள்தான். பிள்ளையை உங்கள் காலுக்குப் பின்னால் நிறுத்தி, பையையோ குடையையோ நாய்க்கு முன்னால் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, நாயின் கண்ணை முறைக்காமல், ‘கயிறு போடுங்க’ என்று அவரைப் பார்த்துச் சத்தம் போடுங்கள். பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கினால் நாயும் கூடவே எம்பும். மகளுக்கும் ஒன்று சொல்லிக் கொடுங்கள்: நாய் வந்தால் ஓடாதே, கத்தாதே, மரம் மாதிரி நில், கண் தரையில் இருக்கட்டும். கீழே விழுந்துவிட்டால் ஆமை மாதிரிச் சுருண்டு கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள். வாயால் சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைக்கு ஏறாது, வீட்டு முற்றத்தில் பத்துத் தடவை விளையாட்டாகச் செய்ய வையுங்கள்.

“அக்கா, நான் பண்பொழி. ராஜபாளையம் நாய் வளர்க்கிறேன், கயிறு இல்லாமல் வெளியே கூட்டிப்போனதே இல்லை. ஆனால் பிள்ளைகள் பின்னால் வந்து வாலைப் பிடித்து இழுக்கின்றன, பெத்தவங்க சிரித்துக்கொண்டே போட்டோ எடுக்கிறார்கள். ‘தொடாதே’ என்றால் ‘பெரிய நாய் வச்சிருக்கான்’ என்று என்னையே பேசுகிறார்கள்.”

தம்பி, உங்கள் ஆதங்கம் நியாயமானது. நாயைக் கயிற்றில் பிடித்து ஒழுங்காக நடந்துபோகும் ஒருவரை நிறுத்தி, அவர் நாயைப் பொம்மை போல இழுக்கும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. அதைத் தடுப்பது பெற்றவர் வேலை. அவர்கள் செய்யாவிட்டால் நீங்கள் கூச்சப்படாமல் நாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே போய் நின்று, ‘இது தொட விடாது, தள்ளி நில்லும்மா’ என்று உரக்கச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நாலு பேர் பேசினால் பேசட்டும்.

உங்கள் நாய் பற்றி ஒரு கேள்வி. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. வளர்ப்பவருக்கே வருஷக்கணக்கில் தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அது மற்ற அசைவுகளைப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காற்றோ அதிர்வோ அதற்குப் படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காதுகூட அசையவில்லை என்றால் என்னிடம் கூட்டி வாருங்கள். பின்னால் பிள்ளை வருவதே தெரியாத நாய் திடுக்கிட்டுத் திரும்பினால் வாய் முதலில் போகும். அப்படி நடந்தால் நாயின் மேல் குற்றம் சொல்ல முடியாது.

பெற்றவர்களும் இதைக் கேளுங்கள். வாலை ஆட்டினால் சந்தோஷம் என்று நம் பக்கம் எல்லோரும் நம்புகிறோம். வால் ஆடும்போதே உடம்பு விறைத்து, வாய் மூடி, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிகிறதா பாருங்கள். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறதா, சோறு எதுவும் இல்லாமலே உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா? இதெல்லாம் ‘போதும், விடு’ என்று நாய் கெஞ்சுவது. அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது உறுமல், அப்புறம் பல். சின்னப் பிள்ளைகளைக் கடிப்பது தெருவில் போகும் முன்பின் தெரியாத நாய் மட்டும்தான் என்று நினைக்கிறோம், வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இருக்கும் தெரிந்த நாயும் கடிக்கும். பிள்ளையின் உயரத்தில் நாயின் வாய்க்கு நேராக இருப்பது முகமும் கழுத்தும். ஆகவே முதலில் நாய்க்காரரைக் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்றால் நாயே வந்து மோந்து பார்க்கட்டும், அப்புறம் நெஞ்சுப் பக்கம் லேசாகச் சொறியட்டும். தலையில் தட்டுவது, கட்டிப்பிடிப்பது கூடவே கூடாது. தூங்கும் நாய், தின்னும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் எந்தப் பிள்ளையும் போகவே வேண்டாம்.

“கணவருக்குத் தென்மலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை, குடிவந்து ஆறு மாதம். எனக்கு மலையாளம் படிக்க வராது. பக்கத்து வீட்டு கேட்டில் ‘பட்டியுண்டு’ என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள், ஆட்டுப்பட்டி போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். நேற்று பந்து எடுக்கப் போன என் மகனை நாய் விரட்டியது. ‘போர்டு வெச்சிருக்கேனே’ என்கிறார் அந்தச் சேட்டன்.”

அம்மா, மலையாளத்தில் பட்டி என்றால் நாய். ‘பட்டியுண்டு, சூட்சிக்குக’ என்பது நம்மூர் ‘நாய்கள் ஜாக்கிரதை’. பேப்பட்டி என்றால் வெறிநாய், பேவிஷபாத என்றால் ரேபிஸ். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் ‘பட்டி கடிச்சு’ என்ற இரண்டு சொல் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

போர்டு வைத்ததால் பொறுப்பு தீர்ந்துவிடாது, மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்த எழுத்தும் தெரியாதே. கேட்டுக்கு அடியில் பந்து உருளும் அளவு இடைவெளி இருந்தால் பிள்ளையும் புகும், நாயும் புகும். அந்த இடத்தில் கோழிவலை அடிக்கச் சொல்லிப் பக்குவமாகக் கேளுங்கள், செலவு ரொம்ப ஆகாது. கேரளத்தில் நாய் வளர்க்கப் பஞ்சாயத்து லைசன்ஸ் வாங்க வேண்டும் என்று 1998இலிருந்தே விதி இருக்கிறது, அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். வாங்கியிருக்கிறாரா என்று சண்டை போடாமல் விசாரியுங்கள். நாளைக்கும் அதே வேலி ஓரம்தானே வாழ வேண்டும்.

“மகனுக்கு 5 வயது. தெரிந்தவர் நாயின் பல் பட்டுக் காலில் கீறல், ஒரு துளி ரத்தம்தான் வந்தது. நாய்க்கு ஊசி போட்ட அட்டையைக் காட்டுகிறார்கள். மாமியார் மஞ்சளும் மிளகாய்த்தூளும் வைத்தார். இன்று மூன்றாம் நாள். ஊசி தேவையா?”

இவருக்கு அன்றைக்கே போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

போன வருஷம் இரண்டு குடும்பங்கள் என் வாசலில் நின்று யார் மேல் தப்பு என்று கத்திக்கொண்டிருந்தன. கடிபட்ட பிள்ளை உள்ளே பெஞ்சில் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், தன் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தது. காயத்தில் மிளகாய்த்தூள் ஈரத்தில் ஊறிக் களிம்பாக ஒட்டியிருந்தது. அரை மணி நேரம் ஆகியும் யாரும் ஒரு குழாயைத் திறக்கவில்லை. நான்தான் காலை நீட்டச் சொல்லி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவினேன். தண்ணீர் சிவப்பாக ஓடி, அப்புறம் தெளிந்தது. பஞ்சாயத்து பேச வேண்டுமானால் அதற்கு அப்புறம் பேசுங்கள், முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலை எதுவும் வைக்கக் கூடாது.

ஒரு துளி ரத்தம் வந்தாலும் அது மூன்றாம் வகைக் காயம், அதாவது ஆபத்து அதிகமான வகை. தடுப்பூசியோடு, காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும். அதை முதல் ஊசி போட்டதிலிருந்து 7 நாளுக்குள் போட்டால்தான் பயன். அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் ஊசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாட்களில், சதையில் போடுவதானால் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து தவணை. ‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’ என்று இன்னும் பயப்படும் பாட்டிகள் இருக்கிறார்கள், அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004 இறுதியோடு நின்றுபோனது.

நாயின் அட்டையைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டு, நாயை 10 நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். அது நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருந்தால் மிச்ச ஊசியைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார். ரேபிஸ் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறுவதற்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் எடுக்கும், முகத்தில் கடித்திருந்தால் தூரம் குறைவு, சீக்கிரம் ஏறும். அறிகுறி வந்துவிட்டால் பிழைக்க வைக்க வழியே இல்லை. அதனால்தான் மூன்று நாள் ஆனாலும், மூன்று வாரம் ஆனாலும் போங்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சுகிறேன்.

“பிள்ளைகள் விளையாடும் மணலில் காலையில் நாயைக் கூட்டி வந்து வெளிக்கு இருக்க வைக்கிறார்கள். மண்ணோடு மண்ணாகப் போய்விடும் என்கிறார்கள்.”

போகாது. நாய்ப் பீயில் உள்ள உருளைப்புழு முட்டை, மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் பிள்ளையைத் தொற்றும் பக்குவத்துக்கு வரும். அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் அந்த ஆபத்து இல்லை. கொக்கிப்புழு வெறுங்காலிலேயே ஏறும். நாய்க்காரர்களே, கையில் பழைய செய்தித்தாள் ஒன்று கொண்டுபோங்கள், நாய்க்குப் பூச்சி மருந்தை ஒழுங்காகக் கொடுங்கள். பிள்ளைகள் விளையாடும் மணலுக்குப் போகாதபடி நாயைப் பழக்கக் கூடவா முடியாது?

“எங்கள் தெரு அங்கன்வாடி வாசலிலேயே ஒரு அம்மா தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறார். பிள்ளைகளைக் கொண்டுவிடும் நேரத்தில் ஏழெட்டு நாய் நிற்கிறது. பேசிப் பார்த்தாயிற்று. மருந்து வைத்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர்.” (வல்லம்)

அம்மா, அண்ணாச்சியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: வேண்டவே வேண்டாம். விஷச் சோற்றை முதலில் எடுப்பது காக்கையாகவும் இருக்கலாம், தவழும் பிள்ளையாகவும் இருக்கலாம். நாயைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் 5 வருஷம் வரை சிறை கிடைக்கும் குற்றம். அதற்கு மேல் ஒன்று, இந்த நாய்கள் போனால் அந்த இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வரும்.

உங்களிடம் இதைவிட நல்ல பிடி இருக்கிறது. 2023ஆம் வருஷத்து விலங்குகள் கருத்தடை விதிகளிலேயே, நாய்களுக்குச் சோறு வைக்கும் இடம் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும், வாசல்களுக்கும், மாடிப்படிக்கும் தள்ளி, பிள்ளைகளும் வயசானவர்களும் அதிகம் நடமாடாத இடமாக, நேரமாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அந்த அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போங்கள். சோறு வைப்பவரை விரட்டாதீர்கள், அந்த நாய்கள் பயமில்லாமல் பக்கத்தில் வருவது அவரிடம் மட்டும்தான், பிடித்துக் கருத்தடையும் ஊசியும் போட அவர் கை வேண்டும். ஒரு ஊரில் 10 நாயில் 7க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் ரேபிஸ் பரவுவது நின்றுவிடும். காது நுனி வெட்டிய நாயைப் பார்த்தால் அது கருத்தடை ஆனது என்று அர்த்தம், உங்கள் தெருவில் அப்படி எத்தனை என்று நாளைக்கே எண்ணிப் பாருங்கள்.

“கொல்லம் ரயிலில் எங்கள் பொமரேனியனை மடியில் வைத்துக் கூட்டிப்போகலாமா? எதிர் சீட்டில் குழந்தை இருந்தால் சண்டை வருமே?”

மடியில் கூடாது. முதல் வகுப்பு ஏசியில் முழு அறையை எடுத்தால் கூட வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். முன்கூட்டியே பார்சல் ஆபீசில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

“ஒரு தடவை நாய் விரட்டியதிலிருந்து மகள் வாசலுக்கே வர மாட்டேன் என்கிறாள். பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல நாய் வைத்திருக்கிறார், ‘தொட்டுப் பார், பயம் போயிடும்’ என்கிறார். விடலாமா?”

இப்போது வேண்டாம். பயந்த பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து நாய் மேல் வைத்தால் பயம் இரட்டிப்பாகும், அவள் கையை வெடுக்கென்று இழுக்கும்போது நாயும் மிரளும். அந்த அண்ணன் உதவ நினைப்பது நல்ல மனசு, அவரை இப்படிப் பயன்படுத்துங்கள்: சாயங்காலம் அவர் நாயைக் கயிற்றில் பிடித்துத் தெருவின் அந்தக் கோடியில் உட்காரட்டும், நீங்களும் மகளும் இந்தக் கோடியில், உங்கள் வாசல்படியில். மகள் உங்கள் மடியில் இருக்கட்டும். முறுக்கு தின்னட்டும். நாய் என்ன செய்கிறது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள், இப்ப உட்காருது, இப்ப காதைச் சொறியுது என்று. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். ‘போதும்’ என்றால் அந்த நிமிஷமே உள்ளே போய்விடுங்கள். அடுத்த நாள் ஒரு வீடு தள்ளி, பிடிக்கவில்லை என்றால் பழைய இடத்துக்கே. ஒரு மாதம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். அந்த அண்ணனுக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.